மொய் நோட்டு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு டோனர் வேலை தானா வரும்

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசத்துல மொய்விருந்துன்னு ஒண்ணு நடக்கும், பாத்தவங்களுக்குத் தெரியும். பந்தல் வாசல்ல மேசை போட்டு ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் பணத்த எண்ணுவார், இன்னொருத்தர் நோட்டுல எழுதுவார், எந்த ஊர், யார் மகன், எவ்வளவு. அந்த நோட்டு அப்புறம் பீரோவுக்குள்ள நகையோட நகையா போயிடும். பல வருசம் கழிச்சு அந்த வீட்ல விசேசம்னு பத்திரிகை வந்தா நோட்ட எடுத்துப் பாத்து, அவங்க செஞ்சதுக்கு மேல கொஞ்சம் சேத்து செய்வாங்க. மறந்துட்டேன்னு சொல்றதுக்கு அங்க இடமே கிடையாது.

நான் அந்தப் பக்கத்துலேர்ந்து சவுத் ஆஃப்ரிக்கால இருக்கற டர்பனுக்கு வாக்கப்பட்டு வந்தவ. சாட்ஸ்வொர்த் பக்கம் வயசானவங்களுக்கு மதியச் சாப்பாடு குடுக்கற ஒரு சின்ன அமைப்புல நிதி திரட்டுற வேலை பாக்கறேன். நன்கொடை குடுக்கறவங்களத்தான் இங்க டோனர்னு சொல்லுவோம். ஆரம்பத்துல எனக்கு இந்த வேலைன்னா என்னன்னே தெரியாது, போன் போட்டு காசு கேக்கறதுன்னு நெனச்சிட்டிருந்தேன். கேக்கறது இதுல ரொம்பச் சின்ன பாகம்னு மெதுவாத்தான் புரிஞ்சுது. ஒருத்தர் குடுத்ததுக்கப்புறம் அடுத்த தடவை குடுக்கறவரைக்கும் நடுவுல என்ன நடக்குதோ அதான் வேலை, அது கிட்டத்தட்ட மொய் நோட்டு வேலைதான். ஒரே வித்தியாசம், நாம பணத்த திருப்பிச் செய்யப் போறதில்ல, பதிலுக்கு சேதி செய்யணும். உங்க காசு வந்துச்சு, இதுக்குப் போச்சு, இப்படி ஆச்சுன்னு. அந்தக் கடன நாள் கடத்தாம அடைக்கற ஆளுகிட்ட ஜனங்க திரும்பக் குடுக்கறாங்க.

மொரிஷியஸ், ரியூனியன்ல இதே வேலை செய்யற நம்ம ஆளுங்களும் இத படிக்கலாம், ஆனா சட்டம் வரி விஷயமெல்லாம் நான் சொல்றது சவுத் ஆஃப்ரிக்கா கணக்கு, அத அங்க அப்படியே எடுத்துக்காதீங்க.

நோட்டுல என்ன எழுதணும்

விலை குடுத்து சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு எக்செல் ஷீட் போதும், ஐநூறு அறுநூறு டோனர் வரைக்கும் அதுவே தாங்கும். பேர், நம்பர், ஈமெயில், எப்ப எவ்வளவு குடுத்தாங்க, ரசீது நம்பர், இதெல்லாம் எல்லாரும் எழுதறதுதான். எழுதாம விடற கட்டம் நாலு இருக்கு. ஒண்ணு, இவங்கள எப்படிக் கூப்பிடணும், ஆயாவா ஆன்ட்டியா அண்ணாவா இல்ல மிஸ்டர் போட்டாதான் பிடிக்குமா. ரெண்டு, யார் ஞாபகமா குடுக்கறாங்க. நம்ம ஜனங்கள்ல பாதிப் பேர் அம்மா இறந்த நாள், அப்பா திதி, பேரன் முதல் பிறந்தநாள்னு ஒரு தேதியோடதான் குடுக்கறாங்க, அந்தத் தேதி தெரிஞ்சா வருசம் பூரா வேற எதுவும் தெரிய வேண்டியதில்ல. மூணு, கடைசியா யார் பேசினா, என்ன பேசினா. நாலாவது கட்டம் நான் ஒரு அடி வாங்கின பிறகு சேத்தது, "வீட்டு சேதி".

அந்த அடி என்னன்னு சொல்லிடறேன். ஒரு தாத்தா மாசாமாசம் 200 ரேண்ட் குடுப்பார், எங்க வேன் டிரைவர் போய் வாங்கிட்டு வருவார். ஒரு மார்ச் மாசம் தாத்தா தவறிட்டார். டிரைவருக்குத் தெரியும், சமையக்கட்டுல எல்லாருக்கும் தெரியும், பதினாறாம் நாளுக்கு டிரைவர் போய் சாப்பிட்டுட்டும் வந்துட்டார். ஷீட்டுக்கு மட்டும் யாரும் சொல்லல. ஜூலைல நான் எல்லாருக்கும் லெட்டர் அனுப்பறேன், அந்தத் தாத்தா பேருக்கும் போகுது, நல்ல ஆரோக்கியத்தோட இருக்க வாழ்த்துறோம்னு ஒரு வரி வேற. அந்த வீட்டு ஆயா போன் பண்ணாங்க, சத்தமே போடல. "அவரு இல்லையேம்மா, உங்க ஆளு வந்து பதினாறுக்கு எல போட்டு சாப்பிட்டுப் போனானே"ன்னாங்க. அவங்க திட்டியிருந்தா எனக்கு எவ்வளவோ தேவலைன்னு இருந்துச்சு.

அன்னைலேர்ந்து வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவற நேரத்துல இருபது நிமிசம் நான் சமையக்கட்டுக்குப் போயிடுவேன், டீயோட. யார் வீட்ல என்னன்னு கேப்பேன், அவ்வளவுதான் மீட்டிங். யாருக்கு ஆப்பரேசன், யார் மகன் ஆஸ்திரேலியா போயிட்டான், யார் வீடு வித்துட்டு உம்லாங்கா பக்கம் போறாங்க, எல்லாம் அங்க வந்து விழும். டோனர்களப் பத்தி ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குத் தெரியறத விட டிரைவருக்கும் சமைக்கறவங்களுக்கும் அதிகம் தெரியும், எல்லா அமைப்புலயும் இப்படித்தான், ஆனா அவங்ககிட்ட யாரும் கேக்கறதில்ல.

ஆனா கேட்டதெல்லாம் எழுதிடக் கூடாது. போப்பியான்னு இங்க இருக்கற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1-லேர்ந்து முழுசா அமலுக்கு வந்திருக்கு, தன்னப் பத்தி நாம என்ன வச்சிருக்கோம்னு டோனர் கேட்டா காட்டணும். அதனால நான் வச்சிருக்கற அளவுகோல் ஒண்ணுதான், இந்த வரிய அந்த ஆயாவே பக்கத்துல உக்காந்து படிச்சா எனக்குக் கூச்சமா இருக்குமான்னு யோசிப்பேன், இருக்கும்னா எழுத மாட்டேன். "மகனோட சண்ட"ன்னு எழுதறதில்ல, "மகனப் பத்தி நாமளா கேக்க வேணாம்"னு எழுதுவேன். வியாதி பேரெல்லாம் வேணாம். அப்புறம் இந்த வாட்ஸ்அப் குரூப், ஒருத்தர் சம்மதம் இல்லாம நம்பர தூக்கி குரூப்ல போட்டு நன்கொடை கேக்கறது அதே சட்டத்துல மாட்டற விஷயம், அதுவும் இல்லாம குரூப்ல இருக்கற நூத்தம்பது பேருக்கும் அவங்க நம்பர் தெரிஞ்சு போயிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க, அதையும் கேட்டுட்டுப் போடுங்க. சின்னப் பிள்ளைங்க போட்டோன்னா அம்மா அப்பா சம்மதம் கையில இல்லாம எங்கயும் போடாதீங்க.

நன்றி சொல்றது

பணம் அக்கவுண்ட்ல வந்து ரெண்டு நாளுக்குள்ள போன். ஈமெயில் அப்புறம், ரசீது அப்புறம், முதல்ல குரல். 50 ரேண்ட் குடுத்தவங்களுக்கும் போன் உண்டு, எங்க கமிட்டில இதுக்கு சண்டையே நடந்திருக்கு, 50 ரேண்டுக்கு ஏர்டைம் செலவு பண்ணுவியான்னு. சாசா பென்ஷன், அதாவது அரசாங்க உதவிப் பணத்துலேர்ந்து 50 குடுக்கறவங்களுக்கும் கம்பெனி அக்கவுண்ட்லேர்ந்து 5,000 குடுக்கறவங்களுக்கும் எது பெரிய பணம்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன.

போன்ல என்ன பேசறதுன்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. நான் பேசறது இப்படித்தான் இருக்கும்: "வணக்கம் ஆயா, சாப்பாட்டு சென்டர்லேர்ந்து பேசறேன், இல்ல இல்ல, ஒண்ணும் கேக்கறதுக்கு இல்ல. நீங்க போட்ட பணம் நேத்து வந்துருச்சு, அதச் சொல்லலாம்னுதான். இன்னைக்கு இங்க டால், கோஸ், சோறு. போன வாரம் புதுசா நாலு பேர் வந்தாங்க, ஒருத்தர் உங்க ரோட்டு ஆளுதான்." அவ்வளவுதான், ரெண்டு நிமிசம். "ஒண்ணும் கேக்கறதுக்கு இல்ல"ங்கறது முதல் மூச்சுலயே வரணும், ஏன்னா நம்ம நம்பரப் பாத்ததும் அவங்க மனசுல மொதல்ல வர்றது திரும்பக் காசுதான். வீட்ல பேரப்பிள்ளைங்க எடுத்தா இங்கிலீஷ்ல பேசுங்க, இங்க அவங்களுக்கு அதான் தாய்மொழி மாதிரி, வணக்கம்ங்கற ஒரு வார்த்தை மட்டும் எல்லா வீட்லயும் செல்லும். நன்றி போன்ல அடுத்த நன்கொடைய கேக்கறது மொய் வாங்கிட்டு எலையில உக்கார விடாம அனுப்பற மாதிரி, செய்யாதீங்க.

ரெண்டாவது சேதி மூணு மாசத்துக்குள்ள. இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க, ஏன்னா சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னு நெனைக்கறாங்க. "உங்கள் ஆதரவால் பல வாழ்க்கைகள் மலர்ந்தன"ன்னு எழுதினா யார் படிப்பா? கேஸ் சிலிண்டர் இந்த மாசம் எத்தன ஆச்சு, அரிசி மூட்டை எந்த விலைக்கு வந்துச்சு, ஒரு தட்டுக்கு எவ்வளவு அடங்குது, நடக்க முடியாம இருந்த ஒரு பாட்டி இப்ப வாக்கர் புடிச்சு வந்து வரிசைல நிக்கறாங்க, இதெல்லாம்தான் சேதி. ஒரு எச்சரிக்கை, எல்லாப் பணமும் ஒரே பானைல விழற எடத்துல "உங்க 300 ரேண்ட்லதான் இந்த சிலிண்டர் வாங்கினோம்"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க, சர்ச்சுலயோ கல்யாணத்துலயோ ரெண்டு டோனர் ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசிக்குவாங்க, ஒரே சிலிண்டர பதினாலு பேருக்கு வித்திருக்கோம்னு தெரிஞ்சு போயிடும். "மாசம் இத்தன சிலிண்டர் ஆகுது, உங்க பணம் அதுல ஒரு பங்கு"ன்னா போதும், உண்மையும் அதான்.

கெட்ட சேதியும் சேதிதான். 2023-ல லோட்ஷெடிங், அதாவது முறை போட்டு கரண்ட நிறுத்தறது, ஸ்டேஜ் சிக்ஸ்ல நின்ன காலத்துல எங்க ஃப்ரீஸர்ல இருந்த கோழி பூராவும் ஒரு வீக்எண்ட்ல கெட்டுப் போச்சு, பாதிக்கு மேல ஒரு குடும்பம் தாத்தா நினைவா வாங்கிக் குடுத்தது. கமிட்டில சொல்ல வேணாம்னுதான் முடிவு ஆச்சு, நான் கெஞ்சி கூத்தாடி அந்தக் குடும்பத்துக்கு மட்டுமாவது சொல்றேன்னு அனுமதி வாங்கிட்டுப் போனேன். அந்த வீட்டு அண்ணனுக்கு நல்ல கோவம். திங்கக்கிழமை காலைல யார் சாவி வச்சிருந்தான்னு கேட்டார், சொன்னேன். அடுத்த வருசம் அவங்க கோழி தரல, அரிசி பருப்புன்னு கெடாத சாமானா தந்தாங்க. நான் மறைச்சிருந்தா அதுவும் வந்திருக்குமான்னு தெரியல, ஆனா டிரைவருக்குத் தெரிஞ்சது ஊருக்குத் தெரியாம இருக்காது, அது மட்டும் நிச்சயம்.

பதினெட்டு ஏ

இனி ரசீது. இது சலிப்பா இருக்கும், ஆனா டோனர் கோவிச்சுக்கிட்டு போறதுல எங்க அனுபவத்துல பாதி இங்கதான், அதனால பொறுமையா சொல்றேன்.

மொதல்ல மூணு வேற வேற விஷயத்த பிரிச்சுக்குங்க. என்பிஓ நம்பர், அதாவது லாப நோக்கமில்லாத அமைப்புன்னு பதிஞ்ச நம்பர், சோசியல் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் குடுக்கறது, 1997-ம் வருசத்து என்பிஓ சட்டப்படி. பிபிஓ, அதாவது பொதுநல அமைப்புங்கற அங்கீகாரம், சார்ஸ்ங்கற வரித்துறை குடுக்கறது, அது கெடச்சா அமைப்போட வருமானத்துக்கு வரி விலக்கு. செக்‌ஷன் 18ஏ (வருமான வரிச் சட்டத்துல ஒரு பிரிவு) அங்கீகாரம்ங்கறது அதுக்கும் மேல தனியா வாங்கணும், அது இருந்தாதான் டோனருக்கு வரில கழியும். என்பிஓ நம்பர் இருக்கு அதனால டாக்ஸ் ரசீது தர்றோம்னு சொல்ற கமிட்டிய நான் பாத்திருக்கேன், அப்படிக் குடுத்த பேப்பர் டோனருக்கு ஒண்ணுக்கும் உதவாது.

கோயில் கமிட்டில இருக்கறவங்க இந்த இடத்த ரெண்டு தடவ படிங்க. வரிச் சட்டத்தோட ஒன்பதாவது அட்டவணைல ரெண்டு பாகம் இருக்கு, சமயப் பணி முதல் பாகத்துல மட்டும்தான் வருது, 18ஏ கெடைக்கறது ரெண்டாவது பாகத்துல இருக்கற வேலைகளுக்கு, அதாவது அன்னதானம் மாதிரி நல உதவி, மருத்துவம், கல்வி, வீடு, சுற்றுச்சூழல் இந்த வகை. கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க, காவடித் திருவிழாவுக்கு, தேர் செய்யக் குடுத்த காசுக்கு 18ஏ ரசீது கெடையாது. அதே கோயில் பக்கத்து ஏழைங்களுக்கு தினம் சாப்பாடு போடுதுன்னா அந்த வேலைக்கு 18ஏ வாங்க வழி இருக்கு, ஆனா அந்தப் பணத்த தனியாப் பிரிச்சு வச்சு தனிக் கணக்கு காட்டணும், அதுக்கு மட்டும்தான் செலவாச்சுன்னு ஆடிட் சான்றும் வேணும். இத முன்னாடியே டோனர்கிட்ட சொல்லிடுங்க. திருவிழாவுக்கு 20,000 குடுத்துட்டு பிப்ரவரில ரசீது எங்கன்னு கேக்கறவர்கிட்ட அப்ப விளக்கினா ஏமாத்துன மாதிரிதான் இருக்கும்.

பிரியாணி விக்கறதும் அப்படித்தான். டர்பன்ல ஃபண்ட்ரெய்சிங்னாலே பிரியாணி, டப்பா இத்தன ரேண்ட்னு டிக்கெட் அடிச்சு விப்போம், ஆனா டப்பா வாங்கினவர் பிரியாணி வாங்கியிருக்கார், தானம் பண்ணல, அதுக்கு 18ஏ ரசீது போடக் கூடாது. ராஃபிள் டிக்கெட், டின்னர் டேபிள், கோல்ஃப் டே, ஏலத்துல எடுத்த சாமான், எல்லாத்துக்கும் இதே கதைதான். ஒருத்தர் வந்து சும்மா உழைப்பக் குடுக்கறார், எலக்ட்ரிக் வேலை செஞ்சு தர்றார்னா அதுக்கும் கெடையாது, பொருளா குடுத்தா உண்டு.

2023 மார்ச் 1-லேர்ந்து ரசீதுல கேக்கற விவரம் கூடிப் போச்சு. டோனர் தனி ஆளா கம்பெனியா ட்ரஸ்டா, ஐடி நம்பர் இல்ல ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர், எந்த நாட்டு ஐடி, வரி நம்பர் இருந்தா அது, போன், ஈமெயில், ஒவ்வொரு ரசீதுக்கும் தனி நம்பர். இந்த விவரத்தையெல்லாம் நாம சார்ஸுக்கு ஐடி3(டி)னு ஃபைல் பண்றோம், அதனால நம்ம ஷீட்டுல ஒரு எண் மாறினா டோனரோட ரிட்டர்ன்ல இடிக்கும். எங்க ஆன்ட்டி ஒருத்தரோட ஐடி நம்பர்ல 6-ம் 9-ம் எடம் மாறிப் போச்சு, நான் கையால எழுதினத நானே தப்பா டைப் பண்ணினது, அத சரி பண்ண எனக்கு எத்தன ஈமெயில் ஆச்சுன்னு கேக்காதீங்க. இப்ப கையால எழுதறதே இல்ல, டோனரையே ஃபார்ம்ல போடச் சொல்லி, திரும்ப போன்ல படிச்சுக் காட்டறேன்.

ஐடி நம்பர் கேட்டா ஜனங்க பயப்படுவாங்க, இந்த ஊர்ல நாளுக்கு நாலு ஸ்கேம் கால் வருது, பயப்படாம என்ன பண்ணுவாங்க. அதனால பணம் வந்த அன்னைக்கு கேக்காதீங்க, நன்றி போன் முடிஞ்சு, ரசீது வேணுமான்னு கேட்டு, வேணும்னு சொன்னவங்களுக்கு மட்டும் ஃபார்ம் அனுப்புங்க. வேணாம்னா விட்டுடுங்க. வரியே கட்டாத பென்ஷன்காரங்களுக்கு அதனால ஒரு லாபமும் இல்ல, அவங்ககிட்ட டாக்ஸ் பெனிஃபிட்னு ஆரம்பிச்சா முகம் சுருங்கிப் போகும், புண்ணியத்துக்குக் குடுத்தத கணக்குக்குக் குடுத்ததா ஆக்கறீங்க.

வரி கட்டறவங்களுக்கு விளக்கம் ரெண்டு வரில முடியணும். வரிக்குரிய வருமானத்துல 10 சதவீதம் வரைக்கும் கழிச்சுக்கலாம், 300,000 ரேண்ட்னா 30,000 வரைக்கும், அதுக்கு மேல குடுத்தது அடுத்த வருசத்துக்குப் போகும். தனி ஆளுங்களுக்கு வரி வருசம் பிப்ரவரி கடைசில முடியுது. மார்ச் மாசமே எல்லா ரசீதையும் மொத்தமா ஒரு தடவ அனுப்பிடுங்க, அவங்க கேக்கறதுக்கு முன்னாடி. கேட்டு வாங்கற ரசீதுக்கும் தானா வந்த ரசீதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அடுத்த பிப்ரவரில தெரியும்.

கம்பெனிங்க பத்தி சுருக்கமா. அவங்களுக்கு பிஇஇ, அதாவது கறுப்பினத்தவர் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தோட ஸ்கோர்கார்டுல சமூகப் பொருளாதார மேம்பாடுன்னு ஒரு பகுதி இருக்கு, வரி போக வர்ற லாபத்துல 1 சதவீதம்தான் டார்கெட், 5 பாயின்ட். பயனடையறவங்கள்ல குறைஞ்சது 75 சதவீதம் கறுப்பினத்தவர்னு காட்டற லெட்டர் கேப்பாங்க, அந்தச் சட்டத்துல இந்திய வம்சாவளி குடிமக்களும் அதுக்குள்ள வருவாங்கங்கறது நிறைய கம்பெனி அக்கவுண்டன்ட்டுக்கே ஞாபகம் இருக்காது. அந்த லெட்டர், 18ஏ ரசீது, ரெண்டு போட்டோ, ஒரு பக்க கணக்கு, நாலையும் ஒரே ஈமெயில்ல அவங்க வருசம் முடியறதுக்கு முன்னாடி அனுப்பினா போதும். கம்பெனில ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க, அதனால பாசத்த விட ஃபைல்தான் அங்க பேசும்.

எப்ப கேக்கறது

நம்ம ஜனங்களோட வருசம் காலண்டர்ல ஓடறதில்ல, பண்டிகைல ஓடுது. தைப்பூசக் காவடி, பிப்ரவரி வரி, ஈஸ்டர் சமயத்துல மாரியம்மன், ஆடிக்கூழ், ஜூலை 18 மண்டேலா டே, புரட்டாசி, தீபாவளி, 1860-ல நம்ம முன்னோர்ங்கள ஏத்திக்கிட்டு முதல் கப்பலா ட்ரூரோ வந்த நவம்பர் 16, அப்புறம் டிசம்பர் பாதிலேர்ந்து ஃபேக்டரியெல்லாம் மூடிடுவாங்க. நான் கேக்கறது வருசத்துக்கு ரெண்டே தடவ, ஆடில ஒண்ணு, தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி ஒண்ணு. புரட்டாசில இங்க முக்கால்வாசி தமிழ் வீடு விரதத்துல இருக்கும், மனசு இளகியிருக்கற மாசம்னு சொல்லி அப்ப கேக்கச் சொல்லுவாங்க, எனக்கு அது ஒப்பல, அந்த மாசம் சேதி மட்டும் அனுப்புவேன். மண்டேலா பொதுவாழ்க்கைல இருந்த 67 வருசத்து ஞாபகமா மண்டேலா டேக்கு 67 நிமிசம் வேலை செய்யறேன்னு கம்பெனிக்காரங்க டீஷர்ட்டோட கூட்டமா வருவாங்க, வெங்காயம் உரிக்க விடுங்க, போகும்போது ஒவ்வொருத்தர்கிட்டயும் ஃபார்ம்ல நம்பரும் சம்மதமும் வாங்கிக்குங்க, அதுல ரெண்டு பேர் மாசாமாசம் பேங்க்லேர்ந்து தானா பணம் போற டெபிட் ஆர்டர் போட்டாலும் அந்த வெங்காயம் லாபம்தான்.

துக்க வீட்ல பதினாறு முடியறவரைக்கும் எந்த லெட்டரும் போகக் கூடாது, மாலை போகலாம், நேர்ல போகலாம்.

உயில் விஷயமும் வரும். வயசான டோனர் ஒருத்தர் என் வீட்ட உங்களுக்கு எழுதி வைக்கட்டுமான்னு கேட்டா மனசு துள்ளும், ஆனா அந்த நிமிசம் நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அவங்க சொந்த வக்கீலப் பாக்கச் சொல்றது. உயில் எழுதறப்ப பக்கத்துல இருக்காதீங்க, சாட்சிக் கையெழுத்து போடாதீங்க, பிள்ளைங்களுக்குத் தெரியுமான்னு மெதுவா கேளுங்க. அங்கீகாரம் பெற்ற பிபிஓவுக்கு எழுதி வச்சது எஸ்டேட் டியூட்டி, அதாவது இறந்தவங்க சொத்து மேல போடற வரி, அந்தக் கணக்குல கழிஞ்சு போகும், ஆனா எங்க டோனர்கள்ல அந்த 3.5 மில்லியன் ரேண்ட் வரம்ப தாண்டற சொத்து வச்சிருக்கறவங்க கம்மி, அவங்க நெனப்பெல்லாம் பேர் நிக்கணும்ங்கறதுதான். இப்ப எங்க சாப்பாட்டு ரூம்ல இருக்கற ரெண்டு பெஞ்சுல பேர் இருக்கு.

நீங்க எப்படி வளர்றது

இந்த வேலைல இருக்கறவங்கள யாரும் தொழில்காரங்களா நெனைக்கறதில்ல. எங்க அத்தை இன்னும் வர்றவங்ககிட்ட "மருமக கோயில் வேலை மாதிரி ஏதோ பண்றா"ன்னுதான் சொல்றாங்க. அதனால நாமளே நம்மள அப்படி நெனைக்க ஆரம்பிச்சிடறோம், அங்கதான் வளர்ச்சி நிக்குது.

சம்பளப் பேச்சுலேர்ந்து ஆரம்பிக்கறேன். கொண்டு வர்றதுல பத்து பர்சன்ட் எடுத்துக்கோன்னு கமிட்டி சொல்லுவாங்க, அவங்க நல்ல மனசோடதான் சொல்லுவாங்க. ஒத்துக்காதீங்க. ஃபண்ட்ரெய்சர்களோட சர்வதேச நெறிமுறைகள்ல கமிஷன் கூடாதுங்கறது பழைய விதி, காரணமும் லேசா புரியும், பத்து பர்சன்ட்காரிக்கு இன்னைக்கு வர்ற 10,000 முக்கியம், ஆறு வருசம் கழிச்சு பேரப்பிள்ளைங்க காலத்துலயும் வரப்போற 200 கண்ணுல படாது. தானம் குடுத்த ஆயாவுக்கு அதுல பத்துல ஒண்ணு எனக்குன்னு தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க? மாசச் சம்பளம் கேளுங்க, கம்மியா இருந்தாலும். டோனர் உரிமைகள்னு பத்து அம்சமா ஒரு பட்டியல் உலக அளவுல புழக்கத்துல இருக்கு, கேக்க வர்ற ஆள் தொண்டரா, சம்பளத்து ஆளா, வெளில அமர்த்தின ஏஜென்ட்டான்னு தெரிஞ்சுக்கற உரிமையும் அதுல ஒண்ணு. அத பிரிண்ட் எடுத்து ஒட்டி வச்சா கமிட்டியோட வாதாடற நேரம் மிச்சம்.

படிக்கறதுன்னா, சதர்ன் ஆஃப்ரிக்கா இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபண்ட்ரெய்சிங் இங்க இருக்கு, அதுல மெம்பரா சேர்றது நல்லது, நம்ம மாதிரி ஆளுங்கள அங்கதான் பாக்க முடியும். சிஎஃப்ஆர்இன்னு ஒரு சர்வதேச சர்டிஃபிகேட் இருக்கு, பரீட்சை மட்டும் எழுதினா போதாது, சில வருச அனுபவம், பயிற்சி நேரம், திரட்டின கணக்கு எல்லாம் காட்டணும், வாங்கினா மூணு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். இப்பவே எழுதாட்டியும் பரவாயில்ல, ஆனா எந்த பயிற்சிக்குப் போனாலும் தேதி, எத்தன மணி நேரம், யார் நடத்தினாங்கன்னு ஒரு பக்கத்துல எழுதி வைங்க. ஊருக்கெல்லாம் நோட்டு எழுதற நாம நமக்கு எழுதறதில்ல.

அதுக்கு முன்னாடி, காசு செலவில்லாம, கணக்கு படிக்கக் கத்துக்குங்க. என்பிஓ ரிப்போர்ட் நிதி வருசம் முடிஞ்சு ஒன்பது மாசத்துக்குள்ள டிபார்ட்மென்ட்டுக்குப் போகணும், அத தயார் பண்ற ட்ரெஷரர் பக்கத்துல ஒரு நாள் முழுக்க உக்காருங்க. நான் மூணாவது வருசம்தான் உக்காந்தேன், நிர்வாகச் செலவு எவ்வளவுன்னு ஒரு டோனர் கேட்டு நான் முழிச்ச முழியப் பாத்து எனக்கே வெக்கமாப் போச்சு. இப்ப கேட்டா தட்டு கணக்குல சொல்லுவேன், ஒரு தட்டுக்கு ஆகற செலவுல வேன் எவ்வளவு, என் சம்பளம் எவ்வளவுன்னு. என் சம்பளத்தையும் சொல்றது ஆரம்பத்துல தொண்டைல நின்னுச்சு.

அப்புறம் ஆள் சேருங்க. டர்பன்ல இந்த வேலை செய்யற நாலு பேர், ஒருத்தி மிருக வதை தடுப்பு, ஒருத்தர் பள்ளிக்கூடம், ஒருத்தர் மசூதி சார்ந்த கிளினிக், நான், மாசம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருத்தர் கிச்சன்ல கூடறோம். டோனர் பேர் பேசறதில்ல, அது கட்டளை. எழுதின லெட்டர மாத்தி மாத்தி படிச்சுத் திட்டிக்குவோம். என் லெட்டர்ல "நாங்கள்"ங்கற வார்த்தை பதினேழு தடவ இருக்குன்னு பள்ளிக்கூடத்துக்காரர் பேனால சுழிச்சுக் குடுத்தார், டோனர் எங்கம்மா இதுலன்னார். எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு அவ்வளவு சொல்லித் தரல.

கடைசியா வேலைய விடறது. விடுவோம், ரெண்டு வருசத்துலயோ பத்து வருசத்துலயோ. அப்ப டோனர் நம்மளோட வந்துடுவாங்கன்னு நெனச்சு நோட்ட தூக்கிட்டுப் போற ஆளுங்க உண்டு, சட்டப்படியும் தப்பு, மொய் கணக்குப்படியும் தப்பு, அவங்க குடுத்தது அந்த அமைப்புக்கு. ஒரு மாசம் முன்னாடியே புது ஆளக் கூட்டிட்டு முக்கியமான இருபது வீட்டுக்கு நேர்ல போங்க, பேசறத புது ஆள பேச விடுங்க. ஷீட்டுல ஒவ்வொரு வரியையும் படிச்சு, நம்ம தலைக்குள்ள மட்டும் இருக்கறத எறக்கி வைங்க.

போன வருசம் நான் ரெண்டு மாசம் ஊருக்குப் போனப்ப ஒரு சின்னப் பொண்ணுகிட்ட ஷீட்ட குடுத்துட்டுப் போனேன். அந்தத் தாத்தா இருந்தாரே, அந்த வீட்டு ஆயா இப்பவும் மாசம் 200 தர்றாங்க, அந்த வரில நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "லேண்ட்லைன். பதினோரு மணிக்கு மேல. ஆயா மெதுவாத்தான் நடப்பாங்க, பன்னெண்டு ரிங் விடணும்."